எரு இறங்கி வரும் மலைப்பாதை

சில இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதிக்குக் கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "பர்கூர் மாடு இரண்டு வாங்கி வளர்க்க ஆசை. எங்கே கிடைக்கும்? எவ்வளவு பால் கறக்கும்?" என்பது கேள்வி. ஆசிரியர் குழுவினர் கடிதத்தை எனக்கு அனுப்பி நான்கு வரியில் பதில் கேட்டார்கள். நான்கு வரியில் எழுதிப் பார்த்தேன், திருப்தியாக இல்லை. அந்த மாடு இருக்கும் மலையையும் அங்கே போகும் சாலையையும் பற்றிச் சொல்லாமல் மாட்டைப் பற்றி மட்டும் சொன்னால் பாதி பதில்தான். அதனால் ஒரு சனிக்கிழமை காலை அந்தியூரில் பஸ் ஏறினேன்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரிலிருந்து பர்கூர் மலை வழியாகக் கர்நாடகத்தின் கொள்ளேகாலுக்குப் போகும் சாலை இது. மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கிறது. பண்ணாரி, திம்பம் பாதை அளவுக்கு இதற்குப் பெயர் கிடையாது. சுற்றுலா வண்டிகளும் குறைவு. எனக்கு இது பழகிய பாதை. 1996-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் முறை போனேன். அது வீரப்பன் தேடுதல் காலம். சோதனைச் சாவடியில் பெயர், ஊர், போகும் காரணம் எல்லாம் சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று மூத்த அலுவலர்கள் சொல்லி அனுப்புவார்கள். விதைப் பையும் கையுமாகப் போய், பாதி ஊரைப் பார்க்காமலே திரும்பிய நாட்கள் உண்டு.

அந்தியூரை விட்டதும் கொஞ்ச தூரம் மஞ்சள், கரும்பு, வாழை, நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால். அந்தியூர் வெற்றிலையைத் தெரியாத சந்தை கொங்கு நாட்டில் இல்லை. பிறகு நிலம் மேடாகிறது, முள்மரம் கூடுகிறது. மலையடிவாரத்தில் வரட்டுப்பள்ளம் அணை. பெயர்தான் வரட்டுப்பள்ளம். மலையில் நல்ல மழை பெய்தால் நிரம்பி வழிந்து, கெட்டிசமுத்திரம் ஏரிக்கும் அந்தியூர் பெரிய ஏரிக்கும் தண்ணீர் தரும். கோடையில் மாலை வேளைகளில் யானைகள் கரைக்கு வந்து நிற்பதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். நான் போன அன்று யானை இல்லை, சாலையில் அதன் லத்தி மட்டும் கிடந்தது. ஓட்டுநர் அதைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிட்டார்.

சாவடி தாண்டினால் வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செட்டிநொடி பக்கம் மண் சரிந்து பாதை அடைபடுவது உண்டு. அடைபட்டால் மேலே உள்ளவர்கள் கீழே வர, கர்நாடகத்துக்குள் போய் மாதேஸ்வரன் மலை, மேட்டூர் என்று சுற்ற வேண்டியதுதான். சமவெளியில் நமக்குச் சாலை அடைபட்டால் ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இங்கே அது பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும், பறித்த அவரைக்காய் மூட்டைக்கும் ஒரே நேரத்தில் விழுகிற அடி.

தாமரைக்கரையில் இறங்கி டீ குடித்தேன். இங்கிருந்து கிளைச் சாலைகள் ஈரட்டி, தேவர்மலை, கொங்காடை என்று உள்ளே போகின்றன. சோளகர், மலையாளி, லிங்காயத்து என்று பல சமூகத்தார் இந்த மலையில் இருக்கிறார்கள். சோளகர் ஊர்களில் கேழ்வரகோடு அவரை, மொச்சை, கடுகு, கீரை எல்லாம் கலந்து விதைப்பார்கள். ஒன்று போனாலும் ஒன்று வீட்டுக்கு வரும். தேன், நெல்லி, கடுக்காய், ஈஞ்சு ஓலையில் கட்டும் சீமாறு ஆகியவை காட்டு வருமானம். லிங்காயத்துகள் வீட்டில் கன்னடம் பேசுபவர்கள். பர்கூர் மாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மலையாளி மக்களின் குறை வேறு. பக்கத்து சேலம் மாவட்டத்தில் பழங்குடியாக இருக்கும் அதே மக்களுக்கு, ஈரோடு மாவட்டத்தில் இருப்பதால் அந்தச் சான்று கிடைப்பதில்லை. டீக்கடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "மலை ஒண்ணுதானுங்க, கோடு போட்டது யாருங்க?" என்று கேட்டார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

வழியெல்லாம் மக்காச்சோளம். அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம். வீரிய மக்காச்சோளம் போடுங்கள், கையில் காசு பார்க்கலாம் என்று கூட்டம் போட்டுப் பேசியவர்களில் நானும் ஒருவன். காசு பார்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 2018-ல் படைப்புழு வந்தபோது மருந்துக்கும் ஆளுக்கும் செலவழித்தது தனிக் கணக்கு. கலப்புப் பயிராக இருந்த காட்டில் ஒன்று போனால் ஒன்று இருந்தது. மக்காச்சோளம் மட்டும் நின்ற காட்டில் புழு தின்றது போக மிச்சத்தை யானையும் பன்றியும் பார்த்துக்கொண்டன. கேழ்வரகுக்கும் யானை வரும்தான். இருந்தாலும் இப்போது யாராவது கேட்டால், அரை ஏக்கராவது பழையபடி கலந்து விதையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பர்கூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. பெயர் வேண்டாம் என்றார். முள் படல் கட்டிய பட்டியில் அறுபது, எழுபது மாடுகள். எல்லாம் அவருடையவை அல்ல. நான்கைந்து வீட்டு மாடுகளைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். செந்நிற உடம்பில் வெள்ளைத் திட்டுகள், அடியில் நெருங்கி மேலே கூராகப் போகும் கொம்பு, கச்சிதமான உடம்பு. நான் பட்டி ஓரமாக வந்ததும் முழுக் கூட்டமும் தலையைத் தூக்கியது. "சார், அந்தக் குடைய மடக்குங்க, மெரளும்" என்றார் பெரியவர். மடக்கினேன். அவர் ஏதோ கன்னடத்தில் ஒரு சத்தம் கொடுத்தார். அடுத்த நிமிடம் எல்லாம் அசைபோட ஆரம்பித்துவிட்டன.

கரூர் வாசகர் கேட்ட பால் கணக்கு இதுதான். பர்கூர் மாடு ஒரு ஈத்துக்குச் சராசரியாக 350 கிலோ பால் தரும். ஒரு நல்ல கலப்பின மாடு இரண்டு மாதத்துக்குள் கறந்துவிடும் அளவு. அதுவும் கன்று பக்கத்தில் நின்றால்தான் தரும். இதன் பெருமை காலில் இருக்கிறது. மேட்டிலும் கல்லிலும் நாள் முழுக்க நடக்கும், வண்டியில் பூட்டினால் ஓட்டத்தில் மற்ற மாடுகள் பின்தங்கும். கொட்டிலில் கட்டிப் போட்டுத் தவிடு வைத்தால் மகிழ்ச்சியாக இருக்கும் இனம் அல்ல. இனத்தைக் காக்கத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பர்கூரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. நல்ல காரியம். ஆனாலும் நிலையத்தில் இருப்பது கொஞ்சம் மாடுகள், மலையில் இருப்பதுதான் இனம்.

பாலில்லாத மாட்டை இவர்கள் ஏன் வளர்க்கிறார்கள்? காளைக் கன்று விற்பனை ஒன்று. மற்றது எரு. எங்கள் பக்கம் குப்பை என்றே சொல்வோம். மாடு பகல் முழுக்க மேய்ந்து இரவு பட்டியில் போடும் சாணம், மாசி பங்குனிக்குள் காய்ந்து பொடியாகிக் கிடக்கும். கீழே இருந்து லாரி வரும். அந்தியூர், பவானி பக்கத்து மஞ்சள் காட்டுக்கும் வாழைக்கும் அது இறங்கும்.

இந்த எரு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் மஞ்சள் விவசாயி ஒருவர், "தம்பி, மலைக் குப்பை லாரி வாடகையோட கட்டுபடியாகல, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம். 5 டன்னில் 25 கிலோ. அப்போது 50 கிலோ மூட்டையாக இருந்த யூரியா ஒன்றில் 23 கிலோ. ஆகவே ஒரு லாரி குப்பையும் ஒரு மூட்டை யூரியாவும் ஏறக்குறைய ஒன்று என்று சொல்லிவிட்டேன். கணக்கு சரி. அவர் அன்று முதல் குப்பையை நிறுத்தினார். பத்து வருடம் கழித்து அவர் காட்டில் மண் மாதிரி எடுத்தபோது, மண் கட்டி உடையவில்லை. மழை பெய்தால் தண்ணீர் மேலேயே ஓடியது. கிழங்கு அழுகல் வேறு. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க சின்னப் பையன், கணக்குப் போட்டீங்க. நானும் கேட்டேன்" என்றார். இப்போது அவர் மகன் மறுபடி லாரி பிடிக்கிறார்.

ஆனால் பட்டிகள் குறைந்துவிட்டன. பெரியவர் விரலை மடக்கி எண்ணினார். அவர் இளவட்டமாக இருந்தபோது இந்தப் பக்கத்தில் இருந்த பட்டிகளில் பாதிகூட இன்று இல்லை. உண்ணிச்செடி காட்டுக்குள் நுழைந்து புல்லை மூடிவிட்டது என்பது ஒரு காரணம். "மாடு போறத நிறுத்தினதாலதான் உண்ணி வந்துச்சு" என்பது அவர் கட்சி. வனத்துறையினரைக் கேட்டால், மாடு அதிகம் மேய்ந்ததால்தான் வந்தது என்பார்கள். என் கண்ணுக்கு, மாடு மிதித்த இடத்திலும் வந்திருக்கிறது, மாடே போகாத இடத்திலும் வந்திருக்கிறது. கோமாரி போன்ற நோய் மாட்டிலிருந்து காட்டு விலங்குக்குப் போகும் என்று அவர்கள் சொல்வதையும் ஒதுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பூசி என்பதில் மலைப் பட்டிகள் சலுகை கேட்கக் கூடாது. இதைப் பெரியவரிடமும் சொன்னேன். "ஊசி போட டாக்டர் மேல வந்தா சரி" என்றார். அதுவும் நியாயம்.

இதற்கு மேல் சட்டம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தப்பட்டது. அப்போது பர்கூர் சரணாலயம் அல்ல, மூச்சு வந்தது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கும் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை, காவிரி சரணாலயங்களுக்கும் நடுவில் இருக்கும் காடு இது. யானையும் புலியும் நடமாடத் தொடர்ச்சி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வரட்டுப்பள்ளத்துக்குத் தண்ணீர் அந்தக் காடு தருவதுதான். ஆனால் மாட்டோடு அந்தக் காட்டில் இருந்தவர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்பதுதான் கேள்வி.

எழுத ஓர் இடம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகச் சொல்கிறது, சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்து அந்தக் காட்டை நம்பி வாழ்பவர்களாக இருந்தால் போதும். லிங்காயத்துகள் போன்ற மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். பழைய ஆவணம் இல்லாவிட்டால், மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி வைப்பதும் சான்றுதான். காட்டோரத்தில் ஆடு மாடு வைத்திருக்கும் மற்ற மாவட்ட வாசகர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னதும் பெரியவர் எழுந்து உள்ளே போனார். துருப்பிடித்த தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே அவருடைய அப்பா காலத்திலிருந்து கட்டிய மேய்ச்சல் கட்டண ரசீதுகள். சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. சிலவற்றில் மை மங்கிவிட்டது, எண்ணிக்கை மட்டும் தெரிகிறது: இத்தனை மாடு, இத்தனை கன்று. "இத எதுக்கு வச்சிருக்கேன்னு வீட்ல திட்டுவாங்க சார்" என்றார். பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். திரும்பப் போவதா, பட்டியைப் பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கரூர் வாசகருக்கு: பாலுக்காக என்றால் வேண்டாம். இரண்டு மாட்டைத் தனியாகக் கொண்டுபோய்க் கட்டினால் அதுவும் தவிக்கும், நீங்களும் தவிப்பீர்கள். வண்டிக்கும் உழவுக்கும் காளை வேண்டுமானால், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு வாருங்கள். திப்பு சுல்தான் குதிரை வாங்கிய சந்தை என்பார்கள். பர்கூர் மாடுகள் அங்கே இறங்கும். கன்றாகப் பார்த்து, பழக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். எரு வேண்டுமானால் தையிலேயே பட்டிக்காரரிடம் பேசி முன்பணம் கொடுங்கள். ஏக்கருக்கு 5 டன். வந்ததும் காட்டில் இறைக்க வேண்டாம். காட்டு விதைகள் கலந்திருக்கும். நிழலில் குவித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டுப் போடுங்கள்.

மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் இறங்கினோம். பேரனும் கூடவே வந்தான், மடியில் தகரப் பெட்டியோடு. அந்தியூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. கரையான் தின்ற தாள்களைக் கடைக்காரப் பெண் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக மெதுவாக விரித்து வைத்து எடுத்துக் கொடுத்தார். மொத்தம் 41 தாள்கள். மேலே போகும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேரன் காசைக் கொடுத்துவிட்டு ஓடினான். பெட்டியை மறக்கவில்லை. நகல் ஒரு கட்டு என் மேசையில் இருக்கிறது.