கையிலுள்ள கருவியும் எட்டாத சேவையும்

மனிதன் கண்ட கருவி எதுவும் தானாகப் பயன் தந்ததில்லை. ஏர் உழவன் கையிலும் எழுத்தாணி புலவன் கையிலுமே மதிப்புப் பெற்றன. ஊர் வழக்கில் ‘டெப்’ எனப்படும் கைக்கணினிக்கும் இவ்விதி பொருந்தும். ஆயினும், ஏருக்கு இல்லாத ஒரு குறை இதற்கு உண்டு. எங்கோ தொலைவிலுள்ள வேறொரு கணினியை நம்பியே இது பெரும்பாலும் இயங்குகிறது. அத்தொலைவில் நேரும் பழுதுக்கும் கருவியைக் கையில் வைத்திருப்பவரே பழியேற்க நேர்கிறது.

சம்மாந்துறையை அடுத்து, வயல்வெளி சூழ அமைந்தது வீரமுனை. சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலால் பெயர்பெற்ற பழைய தமிழ்க் கிராமம் அது. அங்கு ஒரு வீட்டில் தாய், அம்மம்மா, உயர்தர வகுப்பில் பயிலும் மகள் என மூவர் வாழ்கின்றனர். கட்டாரில் தொழில் புரியும் மாமா அனுப்பிய கைக்கணினியொன்று அவ்வீட்டின் அரும்பொருளாயிற்று.

2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்றல் திரைக்கு மாறிற்று. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் அலைத்தொடர்பு தேடி மலையுச்சிப் பாறைக்கு ஏறிய செய்தி 2021இல் உலகெங்கும் பரவியது. கருவி இருந்தும் தொடர்பு இல்லையேல் கல்வி இல்லை என்னும் உண்மையை அப்பாறை உணர்த்திற்று.

வீரமுனை மாணவியும் இதனைத் தன் அனுபவத்தால் அறிந்தாள். தொடர்பு சீராக உள்ள நேரத்திலேயே தேவையானவற்றைக் கருவியினுள் சேமித்துக்கொள்ளப் பழகினாள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள், இ-தக்சலாவத் தளத்தின் பாடங்கள், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தின் பழைய சஞ்சிகைகள் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இணையமின்றியே விக்கிப்பீடியாவைப் படிக்க உதவும் கிவிக்ஸ் என்னும் செயலியையும் நிறுவிக்கொண்டாள். கருவியின் படக்கண் ஆவணங்களைப் பிரதிசெய்ய உதவிற்று. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது, கண்பார்வை மங்கிய அம்மம்மாவும் பத்திரிகை படிக்கலானார். “இதுக்குள்ள இவ்வளவு இருக்கா, பிள்ளை?” என்று அவர் வியந்தார். கருவியின் விலை மாறவில்லை. அதன் பயன் பன்மடங்காயிற்று.

சோதனை வந்தது உதவிப்பண விண்ணப்பத்தின் வடிவில். விண்ணப்பத்தை இணையத்தில் மட்டுமே நிரப்பலாம். முடிவுநாளுக்கு ஒரு கிழமையே எஞ்சியிருந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தோன்றின. ஆங்கிலப் பக்கத்தில் நிரப்பினால், இறுதிப்படியில் ‘பெயர் பொருந்தவில்லை’ என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடர் மட்டும் வந்தது. எப்பெயர், எதனோடு பொருந்தவில்லை என்பதைத் திரை சொல்லவில்லை. நிரப்பியவை யாவும் அழிந்துபோயின. அவள் தன் விரலையே குறைகூறிக்கொண்டு மூன்று இரவுகள் திரும்பத் திரும்ப நிரப்பினாள்.

காரணம் வேறிடத்தில் இருந்தது. 1990ஆம் ஆண்டு வன்செயலில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்களின் பத்திரங்கள் அழிந்தன. தாயின் பிறப்புச் சான்றிதழும் அவற்றுள் ஒன்று. பின்னர் பெற்ற பிரதியின் ஆங்கில மொழிபெயர்ப்பில், அவரது பெயரின் நெடில் ஓர் எழுத்தால் குறிக்கப்பட்டது. அடையாள அட்டையிலோ ஈரெழுத்தால் குறிக்கப்பட்டது. தமிழில் ஒன்றாகவே உள்ள பெயர் ஆங்கிலத்தில் இரண்டாயிற்று. மனிதக் கண் ஒரு கணத்தில் தீர்க்கும் ஐயத்தை இயந்திரம் குற்றமாகக் கொண்டது.

நான்காம் நாள் அவள் சம்மாந்துறையிலுள்ள ஒரு ‘கொமியூனிகேஷன்’ கடைக்குச் சென்றாள். கடைக்காரர் அனுபவமுள்ள ஒரு முஸ்லிம் பெரியவர். “இது உங்கட பிழை இல்ல, மகள், அவங்கட பிழை. ஆனா அத நீங்கதான் எழுத்தில காட்டணும்” என்றார். “எப்படிக் காட்டுற, காக்கா?” என்று அவள் வினவினாள். பிழைத்தொடர் தோன்றிய திரையை, நாளும் நேரமும் தெரியப் படம்பிடிக்குமாறு அவர் கூறினார். அப்படங்களின் அச்சுப் பிரதி, இரு ஆவணங்களின் பிரதிகள், தமிழில் ஒரு விளக்கக் கடிதம் ஆகியவை முடிவுநாளுக்கு முன்னரே பதிவுத் தபாலில் சென்றன. பற்றுச்சீட்டு குறிப்பேட்டினுள் பத்திரமாயிற்று.

மூன்று கிழமைகளின் பின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆனால், அடுத்த ஒழுங்கையில் வசிக்கும் தோழிக்கு அச்செய்தி வரவில்லை. உடைந்த கைபேசியொன்றில் அதே பிழையைக் கண்ட அவள், தனக்கே தகுதியில்லை எனக் கருதி விட்டுவிட்டாள். அவளிடம் படமும் இல்லை; பற்றுச்சீட்டும் இல்லை. அவள் இன்று ஒரு தையற்சாலைக்குச் செல்கிறாள்.

இயந்திரம் பிழை செய்யாது என்னும் நம்பிக்கை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய இராச்சியத்தில் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளின் பிழையான தரவுகளை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப அஞ்சல் அதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அத்தீர்ப்புகளுட் பெரும்பாலானவற்றைத் துடைக்க 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அவர்களுள் பலர், பிழை தமக்கு மட்டுமே நேர்ந்ததென நெடுங்காலம் எண்ணியிருந்தனர். தனித்திருப்பவர் பிழையைத் தம்மீதே சுமத்திக்கொள்வர் என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பொது அதிகார சபைகளிடம் தகவல் கோரும் உரிமையை வழங்கிற்று. சிதைந்த தமிழ்ப் பக்கமும் காரணம் கூறாத நிராகரிப்பும் இவ்வுரிமைகளுக்கு ஒவ்வாதவை. வீரமுனைக்கு அணித்தான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியலைத் தமிழிற் கூறக் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணில் ஒரு மாணவி தன் விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்ப முடியாதிருப்பது சிறு குறையன்று.

மாணவி இப்போது ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளாள். சனிக்கிழமை மாலைகளில் கோயில் வீதியில் இரண்டொருவர் அவளிடம் வருவர். முதலில் விடைகளைத் தாளில் எழுதுவித்து, பின்னரே கருவியைத் திறப்பாள். ஒவ்வொரு படியையும் படம்பிடிப்பாள். சென்ற கிழமை முதலில் வந்து அமர்ந்தவள் அத்தோழியே. அவ்வாண்டுக்கான விண்ணப்பம் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது.