பாலைக்கு எந்தக் கையேடு?

தார் பாலைவனம் போகிறவர்கள் பூவின் நிறப்படி அடுக்கிய தாவரக் கையேட்டை நம்ப வேண்டாம் என்பேன். அங்கே மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். சிறுசெடிகள் பலவும் அதையொட்டிப் பூத்துக் காய்ந்துவிடும். மற்ற மாதங்களில் கண்ணில் படுவது முள்ளும் பட்டையும்தான். பூ இருந்தாலும் சிக்கல் தீராது: வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் பூங்கதிர் மஞ்சள் சாயலே. ஆனால் வன்னியின் சிறுமுட்கள் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். சீமைக்கருவேலத்தின் முட்கள் பெரும்பாலும் கணுவிலேயே இணையாக நிற்கும். இதைக் கோட்டோவியமாகக் காட்டும் நூலே அங்கு உதவும்.

புதியவருக்குப் புகைப்படம்தானே எளிது, செல்பேசிச் செயலியும் இருக்கிறதே என்பார்கள். பறவைகளுக்கு ஓரளவு சரி (அதிலும் எனக்கு ஓவியமே உசத்தி). இலையே அரிதான கேர் புதரைப் படமெடுத்தால் பச்சைக் குச்சிக் குவியல்தான் தெரியும். வாங்குமுன் வன்னிப் பக்கத்தைப் புரட்டுங்கள். முள்ளைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.