குழந்தைகளோடு குல்மார்க் போகலாமா?

பனிமலை என்றதும் நமக்கெல்லாம் சினிமா ஞாபகம்தான் வரும். கதாநாயகி மெல்லிய சேலையில் பனியில் உருண்டு ஆடிப் பாடுவாள். கதாநாயகன் மட்டும் கழுத்து வரை கம்பளி போட்டுக்கொண்டிருப்பான்! அந்தச் சேலையோடு அங்கே ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் தெரியும் சேதி. ஆனால் அதற்காகப் பயந்துகொண்டு போகாமல் இருக்கவும் வேண்டாம். சின்னக் குழந்தையையும் வயதான பெரியவரையும்கூட அழைத்துப் போய் நல்லபடியாகத் திரும்பலாம். அதற்கான வேலையில் முக்கால்வாசி நம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது டில்லியில். 2024 பிப்ரவரி இரண்டாவது வார இறுதியில் குல்மார்க் போனோம். நான், என் கணவர், 14 வயது மகன், 10 வயது மகள். திருச்சியிலிருந்து என் நாத்தனார், அவள் கணவர், அவர்களுடைய 4 வயதுப் பையன், கூடவே எழுபதை நெருங்கும் என் மாமியார். ஆக எட்டுப் பேர். சனி, ஞாயிறு இரண்டு நாள் பனியில். வெள்ளியும் திங்களும் பிரயாணத்துக்கு.

எப்போது போவது?

குல் என்றால் மலர், மார்க் என்றால் புல்வெளி. கோடையில் பூ மெத்தையாக இருக்கும் இடம் குளிர்காலத்தில் வெள்ளை மெத்தையாகிவிடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். உயரம் ஏறக்குறைய 2,650 மீட்டர், அதாவது நம் ஊட்டியைவிட நானூறு மீட்டருக்கும் மேல் உயரம்.

காஷ்மீரில் டிசம்பர் 21லிருந்து நாற்பது நாளை 'சில்லாய் கலான்' என்கிறார்கள். குளிரின் உச்சம் அதுதான். அப்போது பனி கட்டாயம் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் புல் தெரியக் காய்ந்து கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி விழ ஆரம்பித்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆகவே, பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்களை மூடி, பின்னர் படிப்படியாகத் திறந்தார்கள். பணம் கட்டும் முன்பு ஒரு தடவையும், கிளம்பும் வாரத்தில் ஒரு தடவையும் அரசு அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை டாக்டர். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் கிளம்பக் கூடாது. மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. "குல்மார்க் வரை போகலாம், அதற்கு மேலே வேண்டாம்" என்றார் டாக்டர். அன்றைக்கே எங்கள் திட்டத்தில் பாதி முடிவாகிவிட்டது. பனி அதிகம் விழுந்தால் விமானமும் சாலையும் நின்றுபோகும் என்பதால், மாத்திரைகளை நாலைந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, கேபிள் கார் டிக்கெட். 'கொண்டோலா' என்று சொல்லும் இந்தக் கேபிள் காருக்குக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அங்கே போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, போன். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். போனைச் சட்டையின் உள்பையில் உடம்போடு வைத்துக்கொண்டால் தாங்கும்.

நான்காவது, முழங்கால்! பனிச்சறுக்கில் வேலை முழுவதும் தொடைக்கும் முழங்காலுக்கும்தான். ஒரு மாதம் தினமும் மாடிப்படி ஏறி இறங்கினாலே போதும். பிள்ளைகளோடு நானும் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு மாமி, "லிப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள்.

பெட்டியில் என்ன?

ஒரே தடிமன் கோட்டு போதாது. மூன்று அடுக்காகப் போட வேண்டும். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட்டு. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. ஈரம்தான் குளிரைவிடப் பெரிய எதிரி. ஜீன்ஸும் அப்படியே.

சாக்ஸ் விஷயத்தில் நாம் எல்லோரும் இரண்டு ஜோடி போடப் பார்ப்போம். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும். நல்ல கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும்; ஷூவுக்குள் விரலை அசைக்க முடிய வேண்டும். குழந்தைகளுக்கு ஐந்து விரல் கையுறையைவிட, நாலு விரலும் சேர்ந்து ஒரே பையாக இருக்கும் கையுறை கதகதப்பு. ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனைந்தே தீரும்.

கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கல்ல. புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் சிவந்து மணல் போட்டது போல் உறுத்தும். முகத்துக்கு வெயில் காப்பு க்ரீமும் உதட்டுக்கு வாஸ்லினும் அவசியம். தேங்காயெண்ணெய் கல்லாக உறைந்துவிடும். புட்டியில் குச்சி விட்டு நோண்ட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். மலை அடிவாரமான தங்மார்க்கில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கின்றன. தெர்மல், சாக்ஸ், கையுறை, குல்லாய் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். தங்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி கிடந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். வாடகை எதுவானாலும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு

காஷ்மீரில் ராஜ்மா, சாதம், சாகு கீரை, குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்ட கஹ்வா என்று சைவர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்கும் மாமியாருக்கும் நம் ருசி வேண்டுமே! புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சுக்குப் பொடி, கடலை உருண்டை கொண்டுபோனோம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி, பருப்பு வேக நேரம் பிடிக்கும். சின்ன குக்கர் இருந்தால் கவலையில்லை. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் எல்லோருக்கும் ஒரு டம்ளர் என்று கணக்காகக் கொடுத்தேன்.

விழக் கற்றுக்கொள்ளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்ததும் ஓடி ஆடாமல் ஓய்வு. 2,500 மீட்டருக்கு மேலே போனால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். அப்படியும் தலைவலி ஏறிக்கொண்டே போனால் கீழே இறங்குவதே வைத்தியம்.

சனிக்கிழமை காலை பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, புதியவர்களுக்கான இலேசான சரிவுக்குப் போனோம். முதலில் அவர் கற்றுக்கொடுத்தது விழுவது! முன்னாலோ பின்னாலோ சாயாமல், பக்கவாட்டில் உட்காருவது போல் விழ வேண்டும். எழும்போது சறுக்குப் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டால்தான் நழுவாமல் எழுந்திருக்கலாம். அடுத்த பாடம் நிறுத்துவது. இரண்டு பலகையின் முன்நுனியும் நெருங்கி, பின்நுனி அகன்று, ஓட்டு வீட்டுக் கூரை முகடு போல் வர வேண்டும். குதிகாலை வெளியே தள்ளத் தள்ள வேகம் குறையும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். விறைத்து நின்றால் விழுவோம்.

மகள் அரை மணியில் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாதான் ஒவ்வொரு தடவையும் கம்பீரமாகக் கிளம்பி, கம்பீரமாகவே உட்கார்ந்தார்! நான் பத்தாவது முயற்சியில், யார் கையும் பிடிக்காமல் முப்பது அடி தூரம் சறுக்கி நின்றேன். நாற்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினார்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரையும் விடவில்லை. களைத்த பிறகு எடுக்கும் 'கடைசி ஒரு தடவை'யில்தான் கால் பிசகும்.

சத்தம் அடங்கினால் கவனியுங்கள்

சின்னவன் பனிப்பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் அவன் சத்தத்தையே காணோம். போய்ப் பார்த்தால் ஒரு கையுறை எங்கேயோ. விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. "வலிக்குதாடா?" என்றால் "இல்லே அத்தை" என்கிறான். அதுதான் ஆபத்தான பதில். மரத்துப்போனால் வலி தெரியாது.

"அண்ணி, கணப்புல காட்டலாமா?" என்று நாத்தனார் பதறினாள். டீக்கடைக்காரர் அன்போடு தன் காங்கிரியையே நீட்டினார். காங்கிரி என்பது பிரம்புக் கூடைக்குள் வைத்த நெருப்புச் சட்டி. அதற்குள் மாமியார் கையைப் பிடித்துப் பரபரவென்று தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க அத்தை, நெருப்பும் வேண்டாம்" என்று தடுத்தேன். மரத்த கைக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். தேய்த்தால் உறைந்த தோல் கிழியும். கடைக்குள் அழைத்துப் போய், நாத்தனாரின் ஸ்வெட்டருக்குள் அக்குளில் அவன் கையை வைத்து அணைத்துக்கொள்ளச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் விரல் சிவந்தது. "எரியுதும்மா" என்று அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

அப்படியும் வெண்மை மாறாவிட்டாலோ, கொப்புளம் கண்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். நடுங்கிய குழந்தை நடுக்கம் நின்று, தள்ளாடி, தூக்கம் தூக்கமாகச் சாய்ந்தால் அது மிக அவசரம். அரை மணிக்கு ஒரு தடவை குழந்தைகளின் மூக்கு, காது மடல், விரல் நுனி மூன்றையும் பாருங்கள். வாங்கிய கையுறைகளை நாடாவால் இணைத்து, கோட்டுக் கைக்குள் விட்டுத் தைத்துவிட்டால் தொலையாது.

ராத்திரி அறையில்

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். ராத்திரி எங்கள் விடுதிப் பையன் காஸ் கணப்பைக் கொண்டுவந்து ஏற்றி, ஜன்னலை அடைத்து, "விடிய விடிய எரியட்டும்மா" என்று சொல்லிப் போனான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் காஸ், கரி, விறகு எது எரிந்தாலும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தில் குழந்தைகள் உட்பட ஐந்து பேர் அறைக்குள் மூச்சு முட்டி இறந்தார்கள்.

நாங்கள் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, படுக்கும் முன் கணப்பை அணைத்துவிட்டோம். மின்சாரக் கம்பளமும் வெந்நீர்ப் பையும் போதுமாக இருந்தன. அறை பதிவு செய்யும்போதே "கணப்பு எந்த மாதிரி?" என்று கேளுங்கள்.

மேலே எவ்வளவு தூரம்?

கேபிள் காரில் இரண்டு கட்டம். 1998ல் திறந்த முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கோங்டோரி வரை போகும். 2005ல் வந்த இரண்டாவது கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வத் மலைக்கு ஏறும். ஞாயிறு காலை இவரும் மகனும் மட்டும் உச்சிக்குப் போய், அரை மணியில் திரும்பினார்கள். நானும் மகளும் கோங்டோரியோடு நின்றோம். நாத்தனார் குடும்பமும் மாமியாரும் கீழேயே ஸ்லெட்ஜில் உட்கார்ந்து, டோக்ரா மகாராணி கட்டிய சிவன் கோயிலைத் தரிசித்தார்கள். (அதே வருஷம் ஜூனில் அந்தக் கோயில் தீயில் எரிந்த செய்தி கேட்டு மாமியார் அன்று சாப்பிடவே இல்லை.) எல்லோரும் எல்லா இடத்துக்கும் போனால்தான் குடும்பப் பயணம் என்று யார் சொன்னது?

காற்று பலமானால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்ட தடத்தை விட்டு வெளியே சறுக்கவும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டு வீரர்கள் இருவர் இறந்தார்கள். அவர்கள் நம்மைப் போல் புதியவர்கள் அல்ல.

திரும்பும்போது

ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனைகள் அதிகம். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். கம்பளிகளை நன்றாக உலர்த்தி, வேப்பிலையோடு கட்டி வையுங்கள். கூடவே எழுதிய பட்டியலையும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். எங்கள் பட்டியலை இதுவரை மூன்று குடும்பங்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். கையுறை நாடா என்று எழுதிய இடத்தில் நாத்தனார் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.