நான் பார்த்த வைத்தியம்

பிறருக்கு யோசனை சொல்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. கஷ்டம் அவர்களுடையது, பெருமை நம்முடையது. எங்கள் விடுதியில் அந்தச் சுகத்தை இரண்டாண்டு காலம் குறைவின்றி அனுபவித்தவன் நான். யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் நாடி பார்க்கும் டாக்டரின் தோரணையில் போய் நான்கு பொத்தான்களைத் தட்டுவேன். ஐந்தில் மூன்று சரியாகிவிடும். மீதி இரண்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அப்படிப்பட்ட என் புகழுக்கு 2026 ஜனவரியில் ஓர் இரவு சோதனை வந்தது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எம்.எஸ்ஸி. முதலாண்டில் சேர்ந்திருந்தான் ஒரு தம்பி. அவன் பெரியப்பா மகன் 2009-இல் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி அவனிடம் வந்திருந்தது. அந்தப் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு தில்லி வந்து சேர்ந்தவன் அவன்.

அன்று இரவு எட்டு மணிக்கு அவன் என்னைக் கூப்பிட்டது மிகச் சின்ன விஷயத்துக்காக. மறுநாள் காலை பத்து மணிக்குக் கொடுக்கவேண்டிய பருவ அறிக்கையில் பக்க எண் சரியாக விழவில்லை. அதை இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். அத்துடன் எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது!

திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு தெரிந்தது. அவன் பெட்டியில் இருந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்த ஒரு லினக்ஸ் பதிப்பு. அதற்குரிய ஐந்தாண்டுத் தவணை முடிந்திருந்தது. "இதை இன்னுமா மாற்றாமல் வைத்திருக்கிறாய்?" என்றேன், ஏதோ அவன் ஊசிப்போன சோற்றைச் சாப்பிடுகிறான் என்பது போல.

"நாளைக்கு அறிக்கையைக் குடுத்துட்டுப் போட்டுக்கிடலாமே அண்ணே?" என்றான் அவன், தயங்கித் தயங்கி.

"அரை மணி வேலை, தம்பி!"

அரை மணி மூன்றரை மணி ஆயிற்று. பதினொன்றரைக்குப் பெட்டி தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்தது. முதலில் ஏதோ சின்னம் வந்தது. பிறகு திரை முழுவதும் கறுப்பு. இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்துத்தான்.

அணைத்துப் போட்டேன், கம்பியைப் பிடுங்கிச் செருகினேன், மனத்துக்குள் பிள்ளையாரையும் வேண்டிக்கொண்டேன். கறுப்பு கலையவில்லை. "அறிக்கைக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறாய் அல்லவா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலையே, அண்ணே."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவனோ சாதாரணமாகச் சொன்னான். தில்லிக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. ரஜாயைப் போர்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, அவன் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கைபேசியில் தேடித் தேடிப் படித்ததில் ஒரு வழி கிடைத்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன, பெயர் கேட்டன, கடவுச்சொல் கேட்டன. பெட்டிக்குப் படம் காட்டத்தான் தெரியவில்லை, உயிர் இருந்தது! கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். 'அறிக்கை-கடைசி' வந்தது. அதற்குக் கீழே 'அறிக்கை-கடைசிக்கும்-கடைசி' வந்தது. இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் கொஞ்சம் நீர் வந்தது. முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் நகல் எடுத்தேன். எட்டு மணிக்கே செய்திருக்கவேண்டிய வேலை அது.

இனி நோய்க்குக் காரணம் தேடவேண்டும். கம்ப்யூட்டரில் 'டிரைவர்' என்பது ஒரு துபாஷி. இயக்க அமைப்பு பேசும் மொழியைப் பட அட்டைக்குப் புரியும்படி சொல்வதும், அட்டை சொல்வதை இயக்க அமைப்புக்குச் சொல்வதும் அதன் உத்தியோகம். இந்தப் பெட்டியின் அட்டைக்கு அதைச் செய்த நிறுவனமே ஒரு டிரைவர் கொடுத்திருந்தது. 340 என்ற எண்ணால் குறிக்கப்படும் வரிசை அது. 2019 டிசம்பரில் வந்த வெளியீட்டோடு அந்த வரிசை நின்றுபோயிற்று. பிறகு லினக்ஸின் கருநிரல் வளர்ந்துகொண்டே போயிற்று. துபாஷி புதிய பேச்சைக் கற்கவில்லை. புதிய பதிப்பு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் திரை முழுவதும் இருளவேண்டுமா? வேண்டியதில்லை. இத்தகைய அட்டைகளுக்கென்றே 'நூவோ' என்று ஒரு திறந்த மூல டிரைவர் உண்டு. அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்துக் கவனித்தே ஆர்வலர்கள் எழுதியது. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 கருநிரலிலிருந்து லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. பிரெஞ்சு மொழியில் நூவோ என்றால் 'புதியது' என்று பொருள். பழையதைக் காப்பாற்றும் டிரைவருக்குப் பெயர் புதியது!

அது ஏன் வேலைக்கு வரவில்லை? அங்கேதான் வேடிக்கை. பழைய டிரைவர் இருந்த காலத்தில், இரண்டும் மோதிக்கொள்ளாதிருக்க, 'நூவோ உள்ளே வரக்கூடாது' என்று ஒரு கோப்பில் தடை எழுதப்பட்டிருந்தது. 'படம் காட்டும் பொறுப்பு பழைய டிரைவருடையது' என்று இன்னொரு கோப்பு சொன்னது. அந்த டிரைவர் போய்விட்டது. அதன் உத்தரவுகள் போகவில்லை. மாமனார் காலமான பிறகும் அவர் போட்ட பூட்டு வாசலில் தொங்குவது போல, உள்ளே ஆளும் இல்லை, வெளியே நிற்பவருக்கு அனுமதியும் இல்லை.

காரணம் தெரிந்தபின் வைத்தியம் எளிது. முதலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையால் அட்டை எது என்று உறுதி செய்துகொண்டேன். பழைய டிரைவரின் மிச்சங்களை அடியோடு நீக்கினேன். எக்ஸ்ஆர்க் கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கினேன். தடைக் கோப்பையும் அப்படியே ஒதுக்கினேன். தொடக்கத்தில் நினைவில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்துவிட்டு, பெட்டியை மறுபடி எழுப்பினேன். மணி மூன்றே கால். அவன் வைத்திருந்த வைப்பாற்றங்கரைப் படம் திரையில் வந்தது.

விளையாட்டுகளுக்குப் பழைய வேகம் இல்லை. எழுதப் படிக்கத் தாராளம். காலை பத்து மணிக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. பிறகு வாசல் கடையில் இஞ்சி டீ குடித்தோம். காசை நான்தான் கொடுத்தேன், கொடுக்காமல் முடியுமா?

நண்பர்களே, உங்களுள் பலரிடமும் அண்ணன் அக்கா கொடுத்த பழைய பெட்டிகள் இருக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மாற்றுமுன் நகல் எடுங்கள். அட்டையின் பெயரைக் குறித்துக்கொண்டு, புதிய பதிப்புக்கு அதன் டிரைவர் உண்டா என்று பாருங்கள். லினக்ஸில் திரை இருண்டால், தொடக்கப் பட்டியலில் பழைய கருநிரலைத் தேர்ந்து பாருங்கள். அல்லது நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸில் எழுத்தெல்லாம் பெருத்துத் தெரிந்தால் டிவைஸ் மானேஜரைத் திறவுங்கள். அங்கே 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் உரிய டிரைவர் ஏறவில்லை என்று பொருள். விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் பழையதற்குத் திரும்ப, வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை நான் கற்றது அந்தத் தம்பியிடம். இப்போது விடுதியில் அவனையும் வைத்தியத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அவன் பெட்டியைத் தொடுவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று இரண்டு கேள்விகள் கேட்கிறான்: "நகல் எடுத்தாச்சா? நாளைக்கு ஏதாவது குடுக்கணுமா?"

அவன் என்னைவிட நல்ல வைத்தியன்.