அழகர் மலையில் ஒரு மாறுவேஷம்

பங்குனிக் கடைசியில், பனி விலகி வெயில் முற்றுவதற்குமுன், அழகர் மலைக்குப் போகவேண்டும். மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர்தான். பெருமாளைச் சேவித்துவிட்டு, மாணாக்கர் எண்மருடன் நூபுரகங்கையை நோக்கி மலைப்பாதையில் ஏறினோம்.

பழமுதிர்சோலையைத் தாண்டியதும், உண்ணிச்செடிப் புதரொன்றில் இரண்டு வண்ணத்துப் பூச்சிகள் தேன் குடித்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் கரிய சிறகு, பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரத்தில் செம்புள்ளிகள், நுனியில் வால்.

"இரண்டும் ஒரே இனந்தான், ரோஜா அழகி" என்று தீர்ப்பளித்தோம்.

"ஸார், ஒன்றுக்கு உடம்பு சிவப்பு. மற்றதற்குக் கறுப்பாக இருக்கிறதே!" என்றான் பின்னால் நின்ற சிறுவன்.

"நிழல் விழுந்திருக்கும், போ!" என்றோம். இருபது வருஷம் பாடம் சொன்னவர்களுக்கு இத்தகைய பதில் வெகு சுலபமாக வந்துவிடுகிறது.

சிறுவன் நகரவில்லை. குனிந்து பார்த்தோம். அவன் சொன்னதே வாஸ்தவம்.

செவ்வுடல் கொண்டதே ரோஜா அழகி. புழுப் பருவத்தில் அது ஈசுவரமூலி இலையைத் தின்று, அதன் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அதன் அருகே போகாது. கறுப்புடல் கொண்டதோ கறிவேப்பிலை அழகியின் பெண். நம் வீட்டுக் கொல்லையில், கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்வது, விஷம் கிடையாது. அயலாரின் உடையைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது! ஆணுக்கு இந்த வேஷம் இல்லை. கரிய பின்சிறகில் வெண்புள்ளி வரிசை மட்டுமே. பெண்களிலும் சில ஆணைப் போலவே இருக்கும். சில ரோஜா அழகியைப் போலவும், வேறு சில சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். வெவ்வேறு இனங்கள் என்று பண்டிதர்கள் எண்ணியிருந்த இவற்றை, ஒரே இனத்துப் பெண்கள் என்று 1865-இல் விளக்கியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பண்டிதர்களே ஏமாந்தார்கள் என்பதில் நமக்குச் சற்று ஆறுதல்!

பறக்கும்போது வித்தியாசம் காண்பது கஷ்டம். வேஷக்காரியும் மெதுவாகவே சிறகடிப்பாள். விரட்டினால் மாத்திரம் விரைந்து ஓடி, குட்டு வெளிப்படும். ஆனால் விரட்டுவானேன்? பூவில் அமரும்வரை பொறுத்திருந்து, சிறகை விட்டுவிட்டு உடலைப் பார்த்தால் போதும்.

நூபுரகங்கையில் நீராடி இறங்கும்போது மாணாக்கர்கள் பதினொன்று எண்ணினார்கள். அவற்றில் மூன்று கறுப்புடல். பன்னிரண்டாவது ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது.

"இது எது, ஸார்?" என்றான் அதே சிறுவன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பார்த்த பிறகே பதில் சொன்னோம்.