"ரெண்டு காலுல நின்னுச்சு சார்"

இன்னிக்கு டெங்கு இல்லை, சுகர் இல்லை, பிரஷர் இல்லை. பிக்ஃபுட்!

சிரிக்காம வாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். அமெரிக்காவில் ஆரம்பிச்சு நம்ம சிவகிரி மலையடிவாரத்தில் வந்து நிக்கும்.

தெரியாதவங்களுக்கு: அமெரிக்கா, கனடா காடுகளுக்குள்ள உடம்பு முழுக்க முடியோட, ரெண்டு காலில் நடக்குற, ஏழெட்டு அடி உயர ஜீவன் ஒண்ணு இருக்குன்னு நம்புற கூட்டம் ஒண்ணு உண்டு. 1958-ல் வடக்கு கலிபோர்னியாவில் ரோடு போடுற வேலையில் இருந்த ஜெர்ரி குரூ என்பவர் பெரிய கால்தடங்களைப் பார்த்து அச்செடுத்தார். பேப்பரில் வந்தது, பேரும் பரவிருச்சு. அந்த வேலையோட கான்ட்ராக்டர் ரே வாலஸ் 2002-ல் இறந்தபோது, அவர் குடும்பத்தார் மரத்தில் செதுக்கின பெரிய பாதங்களை எடுத்துக் காட்டி "இது எங்க அப்பா பண்ண வேலை"ன்னு சொல்லிட்டாங்க.

அத்தோட கதை முடிஞ்சிருக்கணும்ல? முடியலை. இன்னிக்கும் வாரம் பூரா வேற வேலை பார்த்துட்டு லீவு நாளில் காட்டுக்குள்ள போறவங்க இருக்காங்க. ராத்திரியில் மரத்தைக் கட்டையால் தட்டுவாங்க, ஊளையிடுவாங்க, பதில் வருதான்னு காது கொடுப்பாங்க. மரத்தில் கேமரா கட்டுவாங்க. கால்தடம் கிடைச்சா பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி அச்செடுப்பாங்க. நீங்க கை உடைஞ்சு வந்தா நாங்க மாவுக்கட்டு போடுறோமே, அதே மாவுதான். "ஃபைண்டிங் பிக்ஃபுட்"னு ஒரு டிவி தொடர் 2011-ல் இருந்து 2018 வரை ஓடுச்சு. கண்டுபிடிச்சாங்களான்னு கேக்காதீங்க.

நம்ம நாட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கார். மேகாலயாவில் காரோ மலைன்னு ஒரு பகுதி. அங்க "மாண்டே பருங்"னு ஒண்ணைச் சொல்வாங்க. காரோ மொழியில் காட்டு மனுசன்னு அர்த்தம். திப்பு மராக் என்பவர் இதைப் பல வருசமா தேடிட்டு இருந்தார். விஞ்ஞானி கிடையாது, ஆர்வலர். பார்த்தேன்னு சொன்ன ஊர்க்காரங்ககிட்ட போய்ப் பேசி எழுதி வெச்சார். 2003-ல் கொஞ்சம் முடி கிடைச்சது, பத்திரமா வெச்சிருந்தார்.

2008-ல் அந்த முடி இங்கிலாந்துக்குப் போச்சு. ஆக்ஸ்ஃபர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் இயன் ரெட்மண்ட் உள்ளிட்டவங்க மைக்ரோஸ்கோப்பில் வெச்சுப் பார்த்தாங்க. தெரிஞ்ச மிருகங்களோட முடியில் எதோடயும் சட்டுனு பொருந்தலை. உலகம் பூரா செய்தி. சில மாசத்தில் டிஎன்ஏ ரிசல்ட் வந்தது: இமாலயன் கோரல். நம்ம மலையில் வரையாடு இருக்குல்ல, அது மாதிரி அங்க பாறைச் சரிவில் ஏறித் திரியுற ஆட்டு வகை.

இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. மராக் அந்த முடியைக் கண்ணாடிப் பெட்டியில் வெச்சு டிக்கெட் போட்டிருக்கலாம். லேப்புக்கு அனுப்பினார். "இல்லை"ன்னு வரக்கூடிய டெஸ்டுக்குத் தன் ஆசையை அனுப்பி வைக்க ஒரு தைரியம் வேணும். ரிப்போர்ட் பிடிக்கலைன்னா வேற லேப், அதுவும் பிடிக்கலைன்னா வேற ஊர்னு அலையுற எத்தனை பேரை தினமும் பார்க்கிறேன்! படிச்சவங்கதான் அதிகம்.

இதே மாதிரி அமெரிக்காவில் பீட்டர் பைர்ன்னு ஒருத்தர் 1976-ல் 15 முடியை எஃப்பிஐக்கே அனுப்பினார். 1977-ல் வந்த ரிசல்ட்: மான் குடும்பம். அந்த ஃபைலை 2019-ல் எஃப்பிஐ பொதுவெளியில் போட்டாங்க, ஆசைப்பட்டா படிக்கலாம்.

ஆனா இந்த பைர்ன் இன்னொரு வேலையும் பண்ணிருக்கார். அதை என்னால ஏத்துக்க முடியலை.

நேபாளத்தில் பாங்போச்சேன்னு ஒரு புத்த மடம். அங்க எட்டியோட கைன்னு ஒரு காய்ஞ்ச கையைப் புனிதமா வெச்சிருந்தாங்க. 1950-களோட கடைசியில் எட்டி தேடிப் போன பைர்ன், அதில் ஒரு விரலை எடுத்துட்டு அந்த இடத்தில் ஒரு மனுசவிரலைக் கட்டி வெச்சுட்டு வந்தார். அந்த மனுசவிரலை முன்கூட்டியே அவருக்குக் கொடுத்து அனுப்பினது யார் தெரியுமா? ஆஸ்மன் ஹில். லண்டனில் இருந்த பெரிய உடற்கூறியல் நிபுணர். அதுக்கு முன்னாடி 1930-ல் இருந்து 1944 வரை கொழும்பு மருத்துவக் கல்லூரியில் அனாடமி புரொஃபசர்! இலங்கையில் வேடர்கள் சொல்லி வந்த "நிட்டேவோ" என்ற நீள நகம் வெச்ச குள்ள மனுசங்க கதையைப் பத்தி 1945-ல் கட்டுரை எழுதினவரும் அவர்தான். இந்தக் கிறுக்குக்கும் டாக்டர்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

எடுத்த விரல் கல்கத்தா வந்தது. அங்கிருந்து ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அவர் மனைவியும் பெட்டியில் உள்ளாடைகளுக்கு நடுவில் ஒளிச்சு லண்டன் கொண்டு போனாங்க. சினிமா கதை கெட்டுது போங்க. கடைசியில் அது ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் மியூசியத்தில் கிடந்து, 2011-ல் எடின்பரோவில் டிஎன்ஏ பார்த்தாங்க. மனுசவிரல்! மனுசவிரலைத் திருடி மனுசவிரலை வெச்சுட்டு வந்திருக்காங்க. கும்பிட்ட பொருளை இழந்தது மட்டும் அந்த மடம். டெஸ்ட் பண்ணணும்தான். கேட்டு வாங்கிப் பண்ணணும். எங்க பாஷையில் கன்சென்ட்.

எட்டின்னு சொன்ன எலும்பு, பல், தோல், முடி, சாணம்னு 9 சாம்பிளை 2017-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு சோதிச்சாங்க. 8 கரடி, 1 நாய். அதுக்கப்புறமும் 2019 ஏப்ரலில் நம்ம ராணுவமே மகாலு பேஸ் கேம்ப் பக்கத்தில் 32-க்கு 15 இன்ச் எட்டி கால்தடம்னு ட்விட்டரில் போட்டோ போட்டு ஊரே பேசுச்சு, ஞாபகம் இருக்கா? பனியில் விழுந்த தடம் வெயிலில் உருகினா தானா அகலும்.

கரடி. இந்த வார்த்தையை மனசில் வெச்சுக்கோங்க. இப்போ நம்ம ஊருக்கு வரலாம்.

சிவகிரியில் மலை ரொம்பப் பக்கம். மேற்கே பார்த்தா மலைதான். அடிவாரத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, எலுமிச்சை, கரும்பு. ராத்திரி காவலுக்குப் படுக்கிறவங்கதான் எங்க பேஷண்ட்ஸ். ஒரு மாங்கா சீசனில் ஒரு பெரியவர் மணிக்கட்டு வீங்கி ஓபிக்கு வந்தார். வரப்பு தடுக்கி விழுந்துட்டேன்னார். ஏன் ராத்திரி ஓடினீங்கன்னு கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "சார், மனுச உசரத்துக்குக் கருப்பா ஒண்ணு ரெண்டு காலுல நின்னுச்சு. மூஞ்சி தெரியல"ன்னார்.

லைன்ல பின்னாடி நின்னவர், "அண்ணாச்சி, நேத்து எத்தன குவாட்டரு?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவர் வாயை மூடிட்டார். அப்புறம் "அதெல்லாம் விடுங்க சார், கையப் பாருங்க" மட்டும்தான்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "என்னமோ கடிச்சிருச்சு சார், என்னன்னு பாக்கல"ன்னு வருவாங்க. பல்தடமே இருக்காது. கட்டுவிரியன் கடிச்சா அப்படித்தான், வலி கூட இருக்காது. விடியக்காலம் வயித்துவலின்னு வந்து நிப்பாங்க, கண் இமை மெல்ல இறங்கும். அதனால பாம்பைப் பாக்கலைன்னா பாம்பு இல்லைன்னு நாங்க அனுப்பிட மாட்டோம். பாம்புதான்னு சொல்லி உடனே விஷமுறிவு ஊசியும் போட்டுட மாட்டோம். சுத்தமான கண்ணாடி டெஸ்ட் டியூப்பில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிசம் அசைக்காம வெச்சு, சாய்ச்சுப் பாப்போம். உறையலைன்னா விரியன் விஷம். உறைஞ்சாலும் 24 மணி நேரம் பெட்டில் வெச்சுக் கவனிப்போம். அவர் என்ன உணர்ந்தார் என்பது ஒரு கேள்வி. அது என்ன என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு மட்டும்தான் முடியும்.

கட்டுப் போட்டு முடிச்சு, ஆள் குறைஞ்சதும் கேட்டேன். சத்தம் எப்படி இருந்துச்சு? "துருத்தி ஊதுற மாதிரி சார்." பக்கத்தில் என்ன இருந்துச்சு? "கரையான் புத்து. காலையில பாத்தா தோண்டிக் கெடக்கு." கரடி கரையானை உறிஞ்சித் திங்கிறப்போ அந்தச் சத்தம் வரும். ஆள் வாசனை பட்டா பின்னங்காலில் எந்திரிச்சு நின்னு மோப்பம் பிடிக்கும். அதோட பின்னங்கால் தடம் மனுசன் வெறுங்காலில் நடந்த மாதிரியே இருக்கும். சொன்னேன். அவர் ஒத்துக்கலை. "கரடிய நான் பாக்காததா சார்? அது நாலு காலு." சரி, எதுவா இருந்தாலும் வனத்துறை ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னேன். "சிரிப்பாங்க சார்."

இதுதான் என் கவலை. கரடிக்குக் கண் பார்வை மட்டம். திடீர்னு பக்கத்தில் ஆளைப் பார்த்தா பெரும்பாலும் ஓடாது, பாயும். பாஞ்சா முகத்தையும் மண்டைத் தோலையும்தான் கிழிக்கும். 2022 நவம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில் கடையம் பக்கம் ஒரு கரடி மூணு பேரைக் கடிச்சுக் குதறினதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் பார்த்ததைச் சொன்ன அன்னிக்கே நாம சிரிச்சு அனுப்பிட்டா, அந்தத் தோப்பில் அடுத்த நாள் காவலுக்குப் படுக்கிறவருக்கு யார் சொல்வா?

இன்னொரு பக்கமும் இருக்கு. 2001 மே மாசம் டெல்லியில் "குரங்கு மனுசன்" கிளம்பினப்போ, அந்தப் பயத்தில் மொட்டை மாடியில் இருந்து குதிச்சுச் செத்தவங்க உண்டு. குரங்கு மனுசன் கடைசி வரைக்கும் சிக்கலை. அதனால பார்த்ததை உடனே வாட்சப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜா போட்டு ஊரைக் கிளப்பாதீங்க.

நம்ம மலைத்தொடரிலேயே தெக்கே போனா அகத்தியமலை. அங்க உள்ள காணி மக்கள் "கல்லானை"னு அஞ்சடிக்கு மேல வளராத ஒரு யானை இனம் உண்டுன்னு சொல்றாங்க. சாலி பாலோடு என்ற போட்டோகிராபரும் மல்லன் காணி என்ற காணிக்காரரும் 2005-லயும் 2010-லயும் கேரளப் பக்கத்துக் காட்டில் போட்டோவே எடுத்தாங்க. ஆனா தனி இனம்னு நிரூபணம் ஆகலை. இலங்கை உடவளவையில் கால் மட்டும் குட்டையா இருக்குற முழுசா வளர்ந்த ஆண் யானை ஒண்ணை 2013-ல் பதிவு பண்ணாங்க. மனுசங்களுக்கு எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டில் வர்ற குள்ளத்தன்மை மாதிரிதான் அதுவும். ஒரு குள்ள யானை இருக்கலாம். குள்ள யானை இனம் இருக்குன்னு சொல்ல அது பத்தாது. யானை தினமும் நூறு கிலோ பக்கம் லத்தி போடுற ஜீவன். புது லத்தியிலேயே டிஎன்ஏ எடுக்கலாம். போட்டோவை வெச்சுச் சண்டை போடுறதை விட அது மேல்னு எனக்குப் படுது. இருந்துட்டா முதல் ஆளா நான் துள்ளிக் குதிப்பேன்.

சரி, அடிவாரத்தில் தோப்பு வெச்சிருக்கவங்க, காவலுக்குப் போறவங்க கவனிங்க. தனியா போகாதீங்க, டார்ச் அடிச்சுக்கிட்டு, சத்தமா பேசிக்கிட்டே போங்க. கால்தடம் கண்டா பக்கத்தில் உங்க செருப்பையோ பத்து ரூபா காசையோ வெச்சு மேல இருந்து போட்டோ எடுங்க, அப்போதான் அளவு தெரியும். முடி சிக்கினா வெறுங்கையால் எடுக்காதீங்க. பேப்பர் கவரில் போட்டு தேதி, இடம் எழுதுங்க. பாலித்தீன் வேண்டாம், ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிரும். ரெண்டையும் வனத்துறைக்குக் கொடுங்க.

கரடி கீறினாலோ கடிச்சாலோ சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிசம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நேரா ஜிஹெச் வாங்க. காட்டு மிருகக் கடி எங்களுக்கு மூணாம் வகை, ரேபிஸ் தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் போடணும். காசு கிடையாது.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. நைட் டூட்டி, காலையில பதில் போடுறேன்.