வேலையும் விளையாட்டும்

மொழி நாவுக்கும் செவிக்கும் மட்டுமே உரியதென்று நாம் எண்ணுகிறோம். மணலில் விரலோட்டி எழுத்தறிந்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மரப்பலகையில் எழுதி ஓதிய மதரஸாப் பிள்ளைகளுக்கும் முதல் ஆசான் கையே அன்றோ! 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவி அறியும் முறையை வகுத்தவரே.

சிவகாசி வட்டாரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு இவ்வுண்மை இன்னொரு பொருளும் தருகிறது. ஒரு காலத்தில் இங்கே சிறார் விரல்கள் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கின. அடுக்கிய எண்ணிக்கைக்கே கூலி. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிச் சிறார் உழைப்பு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவ்விரல்கள் பள்ளிக்குத் திரும்பத் துணை நின்றன.

திரும்பிய விரல்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

ஸ்பானிய மொழி கற்பிப்போர் வகுப்பில் ஆடவைக்கும் ஆட்டங்களுள் ஒன்று, மெக்சிகோ மக்களின் 'லொத்தெரியா'. அதில் 54 படச்சீட்டுகள். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரைக் கூவ, தம் அட்டையில் அப்படம் உள்ளவர் அதன்மேல் ஒரு விதையை வைப்பார். அதையே ஆங்கிலத்துக்கு ஆக்கிக்கொண்டேன். அச்சகத்தில் கழித்த அட்டைத் துண்டுகளில் பிள்ளைகளே சேவலும் குடையும் நிலவும் வரைந்தனர். விதைக்குப் புளியங்கொட்டை. சொல் செவியில் விழ, கண் தேட, கை வைக்கிறது. வாய் திறவாதிருந்த பிள்ளைகளும் சில நாளில் கூவும் முறைக்கு முந்துகின்றனர்.

"படிக்க அனுப்பினா புளியங்கொட்டைய வச்சு விளையாட விடுறீங்களே, சார்?" என்றார் ஒரு மூதாட்டி. சிறுவயதில் கட்டை அடுக்கியவர். அவர் கேள்வி நியாயமானதே. விளையாட நேரமின்றி வளர்ந்தவர். பேத்தி அவரை அமர்த்தி ஒரு சுற்று ஆடினாள். கொட்டையைத் தவறான படத்தில் வைத்துவிட்ட மூதாட்டி, திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"தப்பா வச்சா கூலியப் பிடிக்க மாட்டாங்க, ஆச்சி."

வேலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. பிழைக்கு விலை கேட்கும் இடத்தில் புதுமொழிக்கு நா எழாது.

2007 முதல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அட்டைகளையும் ஆட்டங்களையும் வகுப்பறைக்குக் கொணர்ந்துள்ளன. நன்று. ஆனால் எத்தனை அட்டை முடிந்தது என்று கணக்கெழுதுவதே நோக்கமாகிவிட்டால், ஆட்டமும் கட்டை அடுக்குவதாகவே முடியும். எண்ணிக்கைக்காக இவ்வூர்ப் பிள்ளைகளின் விரல்கள் உழைத்தது போதும்.